எந்த வேப்பங்குளம்?

"ராத்தா, துண்டுல ஒரு விலை கிடக்கு, உங்கட கொப்பியில இன்னொரு விலை கிடக்கு. எது சரி?"

மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை, வாடிக்கு நண்டு கொண்டுவந்த தம்பி கேட்டது இது. கொப்பி என்று அவர் சொன்னது என் மடிக்கணினியை. சிலாவத்துறைக் கரையில் நண்டு வாங்கும் வாடி ஒன்றில் நான் கணக்கெழுதுகிறேன். தராசு மேசைக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு அவர்கள், இந்தப் பக்கம் நான்.

எங்கள் கொடுக்கல் வாங்கல் சிக்கலானதல்ல. எண்ணெய்க்கும் வலைக்கும் முற்பணம் வாங்குவார்கள். பிறகு நண்டாகக் கொடுத்துக் கழிப்பார்கள். உண்மையான விலையைப் பத்திரிகையில் போட்டால் முதலாளி முகம் கறுப்பார். ஆகவே பேச்சுக்கு, மார்ச் விலை கிலோ 1,350 ரூபாய் என்று வையுங்கள். தம்பி வாங்கிய முற்பணம் 54,000. நாற்பது கிலோ தந்தால் கடன் தீர்ந்தது. தந்தும் விட்டார், மார்ச் தாளிலிருந்து அச்சடித்த துண்டும் அப்படித்தான் சொன்னது. ஆனால் என் 'முற்பணம்' தாள், கடன் தீர 45 கிலோ வேண்டும், இன்னும் ஐந்து கிலோ பாக்கி என்றது.

கணினி பிழை விடாது என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கதிரையை இழுத்து அவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கலத்தைத் தட்டிப் பார்த்தேன். முற்பணத்தை 'நண்டுவிலை'யால் பிரி என்று இருந்தது. வாசித்தால் ஒரு குறையும் இல்லை.

விரிதாளில் ஒரு கலத்துக்கோ, கலங்களின் கூட்டத்துக்கோ பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. விலை எச் நிரலில் இரண்டாவது கலத்தில் இருக்கிறது என்றால், கணக்கில் 'எச்2' என்று எழுதலாம். அல்லது அந்தக் கலத்துக்கு 'நண்டுவிலை' என்று பெயரிட்டு, பெயரையே எழுதலாம். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் என்ன எழுதினோம் என்பது விளங்கும். (என் கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.) இந்த வசதி புதியதல்ல. 1983 இல் வந்த லோட்டஸ் 1-2-3 இலேயே இருந்தது. அப்போது ஒரு கோப்புக்கு ஒரே தாள் என்பதால் ஒரு பெயருக்கு ஒரே பொருள்தான். எக்செல்லில் ஒரே கோப்புக்குள் பல தாள்களை அடுக்கும் பழக்கம் 1993 இல் வந்த ஐந்தாம் பதிப்போடு ஊன்றியது. அதன் பிறகுதான் 'எந்தத் தாளின் நண்டுவிலை?' என்ற கேள்வியே எழுகிறது.

மன்னார் மாவட்டத்தில் எங்கள் முசலியில் வேப்பங்குளம் என்று ஓர் ஊர் உண்டு. சிலாவத்துறைச் சந்தியில் நின்று "வேப்பங்குளம் போறன்" என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அதையே வவுனியா பஸ் நிலையத்தில் சொல்லுங்கள், மன்னார் வீதியில் இருக்கும் அவர்களுடைய வேப்பங்குளத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே அதுதான் வேப்பங்குளம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

எக்செல்லும் இப்படித்தான். ஒரு பெயர் கோப்பு முழுவதற்கும் செல்லுபடியாகலாம், ஒரு தாளுக்குள் மட்டும் செல்லுபடியாகலாம். இந்த எல்லையைத்தான் 'ஸ்கோப்' என்கிறார்கள். தாளுக்குள் அதே பெயரில் உள்ளூர்ப் பெயர் இருந்தால், அந்தத் தாளில் உள்ளூர்ப் பெயருக்கே முதலிடம். இல்லாவிட்டால்தான் கோப்புக்குப் பொதுவான பெயரைத் தேடிப் போகும்.

கொன்ட்ரோல் விசையோடு எஃப்3 ஐ அழுத்தினேன். 'நேம் மனேஜர்' திறந்தது. 2007 பதிப்பில் எக்செல்லுக்கு வந்த பெயர்ப் பட்டியல் அது. நண்டுவிலை, நண்டுவிலை, நண்டுவிலை என்று மூன்று வரிகள். ஸ்கோப் நிரலில் மட்டும் வித்தியாசம்: ஒன்றில் முழுக் கோப்பு, மற்ற இரண்டில் பெப்ரவரி, மார்ச். முழுக் கோப்புக்குமான பெயர் சுட்டியது ஜனவரித் தாளின் கலத்தை. அதில் 1,200 ரூபாய். 54,000 ஐ 1,200 ஆல் பிரித்தால் 45.

"நீங்க தானே இத மூணு தரம் எழுதினீங்க?" என்றார் தம்பி. அல்லாஹ் அறிய நான் ஒரு தரம்தான் எழுதினேன். ஜனவரியில், சூத்திரப் பட்டைக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னப் பெட்டியில் பெயரைத் தட்டி என்டர் கொடுத்தேன். அந்தப் பெட்டியில் வெறும் பெயரைத் தட்டினால் அது கோப்பு முழுவதற்குமான பெயராகத்தான் பிறக்கும். மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன?

மாதம் பிறந்ததும் நான் செய்வது, போன மாதத் தாளைப் பிரதி எடுத்து, தலைப்பை மாற்றி, எண்களை அழிப்பது. கணக்கெழுதும் எல்லோரும் செய்வதுதான். ஒரு பெயர் சுட்டும் கலம் அந்தத் தாளிலேயே இருந்தால், தாளைப் பிரதி எடுக்கும்போது பெயரும் கூடவே பிரதியாகிறது. புதிய பெயருக்குப் புதிய தாள் மட்டுமே எல்லை. ஒரு எச்சரிக்கையும் கிடையாது.

இது எனக்குப் புதிய விஷயமாகத் தெரியவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு ஆறு வயது. புத்தளத்தில் வளர்ந்தேன். அங்கே நாகவில்லுவில் ஒரு எருக்கலம்பிட்டி இருக்கிறது. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து போனவர்கள் ஊரின் பெயரையும் எடுத்துக்கொண்டு போய் வைத்த ஊர் அது. புத்தளத்தில் "எருக்கலம்பிட்டி" என்றால் பிள்ளைகளுக்கு நாகவில்லுதான் ஞாபகம் வரும்; மன்னாரில் சொன்னால் தீவில் இருக்கும் மூத்த ஊர். போகிற இடத்துக்குப் பெயரும் போகும், பழைய இடத்திலும் பெயர் நிற்கும்.

எக்செல்லை இதற்காகத் திட்டவும் முடியவில்லை. உள்ளூர்ப் பெயர் உண்டாகாமல் விட்டிருந்தால், மார்ச் தாளின் ஒவ்வொரு வரியும் ஜனவரி விலையில் பெருக்கியிருக்கும். அது தன் அறிவுக்கு எட்டிய நியாயத்தைச் செய்தது. நடுவில் மாட்டிக்கொண்டது 'முற்பணம்' தாள். அதற்கென்று உள்ளூர் நண்டுவிலை இல்லை. ஆகவே பொதுப் பெயரைத் தேடி ஒவ்வொரு மாதமும் ஜனவரிக்கே போய் நின்றது. பெயர் வைத்தால் பிழை குறையும் என்று வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அயர்லாந்தில் ரூத் மக்கீவரும் கெவின் மக்டெய்டும் இன்னொருவரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக விரிதாள் பழகுகிறவர்கள் பெயரிட்ட தாள்களில் பிழைகளைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டது தெரிந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. 'எச்2' என்று இருந்தால் எந்த எச்2 என்று சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்திருப்பேன். 'நண்டுவிலை' என்று அழகாக எழுதியிருந்ததால் நம்பிவிட்டேன்.

இனித் திருத்த வேண்டும். பொதுப் பெயரைத் திறந்து, எல்லையை 'ஜனவரி' என்று மாற்றப் பார்த்தேன். ஸ்கோப் பெட்டி சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தது. பிறந்த பெயரின் எல்லையை அங்கே மாற்ற முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். அழித்தேன். உடனே 'முற்பணம்' தாள் முழுக்க, பெயர் தெரியவில்லை என்ற பிழைச் செய்தி கொட்டியது. தம்பி பயந்துபோனார். எனக்கு நிம்மதி. பிழையான எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இந்தச் சத்தம் எவ்வளவோ மேல்.

பிறகு ஜனவரித் தாளுக்குப் போய், விலைக் கலத்தில் நின்று, அதே சின்னப் பெட்டியில் 'ஜனவரி' என்று தட்டி, ஓர் ஆச்சரியக்குறி போட்டு, 'நண்டுவிலை' என்று முடித்தேன். இப்படித் தட்டினால் பெயர் அந்தத் தாளுக்கு மட்டும் உரியதாகிறது. வெளித் தாளிலிருந்து அழைக்கும்போதும் இதே முறைதான்: 'மார்ச்!நண்டுவிலை'. எங்கள் பாடசாலைகளுக்கு முன்னால் 'மன்/' என்றும், புத்தளத்துப் பாடசாலைகளுக்கு முன்னால் 'பு/' என்றும் போடுகிறோமே, அந்தச் சாய்கோட்டின் வேலையை இங்கே ஆச்சரியக்குறி செய்கிறது. 'முற்பணம்' தாளில் ஒவ்வொரு மாதத்து வரிக்கும் அந்தந்த மாதத்தை முன்னால் போட்டு எழுதினேன். கை வலித்தது.

மாதா மாதம் மாறாதவற்றை, உதாரணமாகப் பெட்டியின் வெற்று எடையை, தனியே ஒரு தாளில் வைத்துப் பொதுப் பெயராகவே விட்டிருக்கிறேன். மாதத் தாளைப் பிரதி எடுத்தாலும், அந்தக் கலம் வேறு தாளில் இருப்பதால் அதன் பெயர் குட்டி போடாது. லிப்ரே ஒபிசிலும் பெயர் வைக்கும்போது முழு ஆவணமா, ஒரு தாளா என்று தெரிவு செய்யலாம். கூகுள் ஷீட்ஸில் பெயர்கள் கோப்பு முழுவதற்கும் பொதுவானவை. தாளைப் பிரதி எடுத்தால், பிரதித் தாளின் பெயர் முன்னால் ஒட்டிய புதுப் பெயர்கள் வந்து நிற்கும். நீளமாக இருக்கும், அசிங்கமாகவும் இருக்கும். ஆனால் எந்த ஊர் என்று கேட்கத் தேவையில்லை.

தம்பியின் வரியில் பாக்கி பூச்சியமானது. அவர் முகம் மலர்ந்தது. துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பியவர், வாசலில் நின்று திரும்பினார்.

"அப்ப பெப்ரவரியிலயும் இப்படித்தானே பிழைச்சிருக்கும்? அதையும் ஒருக்காப் பாத்திருவமா ராத்தா?"

பார்த்தேன். பெப்ரவரியிலும் 54,000 தான் வாங்கியிருந்தார். 45 கிலோவோடு கடன் தீர்ந்தது என்று எழுதியிருந்தேன். ஆனால் அந்த மாதம் விலை இறங்கி 1,125 இல் நின்றது. சரியான கணக்குப்படி 48 கிலோ. மூன்று கிலோ இவர்தான் தர வேண்டும். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழைய கணக்கு தானே, அது கிடக்கட்டும் ராத்தா" என்றார்.