பட்டா யார் பேரில்?

ஒரு கேள்வி. வயலில் இறங்கிப் பாடுபடுகிறவர் ஒருவர், அரசு தரும் விவசாய உதவித்தொகையை வாங்குகிறவர் வேறொருவர். இப்படியும் நடக்குமா?

நடக்கிறது. 2019-இல் தொடங்கிய பிஎம் கிசான் திட்டத்தைத்தான் சொல்கிறேன். நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய், நேராக வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். யாருடைய கணக்குக்கு? பட்டாவில் யார் பெயரோ, அவர் கணக்குக்கு.

ராஜபாளையத்தில் மலையடிவாரத்து மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்மாய்த் தண்ணீரை நம்பிக் குத்தகை நிலத்தில் நெல் போட்டவர், இவர்களை நினைத்துப் பாருங்கள். உரம் வாங்குவதும் களையெடுக்க ஆள் விடுவதும் இவர்கள்தான். மழை பொய்த்தால் கடன்படுவதும் இவர்கள்தான். இந்தப் பணம் மட்டும் இவர்களுக்குக் கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சொந்த நிலம் இருந்தும் விடுபட்டுப் போகிறவர்கள் உண்டு. தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். பட்டா இன்னும் அவர் பேரிலேயே கிடக்கும். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் ஊர் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். பட்டா மாறியதும் பக்கத்து வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள், விண்ணப்பிக்க வழி சொல்வார்கள்.