மனசாட்சியைத் தட்டி எழுப்பும் புத்தகங்கள்

"அழுகைக் கதையெல்லாம் எதுக்குக்கா? வீட்டிலே இருக்கிற கவலை போதாதா? சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்!"

எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிளை நூலகத்துக்குப் போய் வருகிறோம். சரித்திரம், நியாயம், அநியாயம் பற்றிய புத்தகங்களை நான் எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி இப்படிக் கேட்டுவிடுவாள். கேள்வி நியாயமானதுதான். நாள் முழுக்க அடுப்படியிலும் குழந்தையோடும் போராடிவிட்டு, மத்தியானம் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் யாருக்குத்தான் அழப் பிடிக்கும்?

ஆனால் நம் குழந்தைகள் சும்மா விடுகிறார்களா? "அந்த ஆயாவுக்கு மட்டும் ஏம்மா தனி டம்ளர்?" "கிளாஸ்லே ஒருத்தனை எல்லோரும் கேலி பண்றாங்க, நான் என்ன பண்ணணும்?" இப்படிக் கேட்டால் நாம் "போய்ப் படி!" என்று வாயை அடைக்கலாம், அல்லது உட்கார்ந்து பதில் சொல்லலாம். பதில் சொல்ல வேண்டுமானால் நமக்கும் கொஞ்சம் சரக்கு வேண்டாமா?

இந்த வகைப் புத்தகம் எதைப் படித்தாலும் நான் ஒரே ஒரு கேள்வியை மனசில் வைத்துக்கொள்வது வழக்கம். கெடுதல் செய்தவன் யார், பட்டவர் யார் என்பது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்று பார்த்தவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் என்ன செய்தார்? நம்மில் பெரும்பாலோர் வாழ்க்கையில் நிற்கிற இடம் அதுதானே! அந்தக் கேள்வியோடு படிக்கத் தகுந்த ஆறு புத்தகங்களைச் சொல்கிறேன்.

சந்தேகப்பட்ட காவலன்

முதலில் சிலப்பதிகாரம். "கண்ணகி கதை தெரியாதா!" என்பீர்கள். தெரிந்த கதைதான். உரையோடு கூடிய பதிப்பை எடுத்து, கோவலன் கொலைப்படும் இடத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாண்டியன் விசாரணை எதுவும் செய்யவில்லை. பொற்கொல்லன் சொன்னதை அப்படியே நம்பிக் காவலரை அனுப்பிவிடுகிறான். வந்த காவலர்களுக்கோ, கோவலனைப் பார்த்ததுமே, 'இவன் கொலை செய்யத் தகுந்தவனாகத் தெரியவில்லையே' என்று தோன்றுகிறது. அதைச் சொல்லவும் சொல்கிறார்கள். பொற்கொல்லன் சாமர்த்தியமாகப் பேசி அந்தச் சந்தேகத்தை மழுங்கடிக்கிறான். அதற்குள் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

சந்தேகம் வந்தது, ஆனால் யாரும், "நில்லுங்கள், இன்னொரு முறை விசாரிப்போம்" என்று குறுக்கே நிற்கவில்லை. மதுரை எரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். எட்டு வயதுக் குழந்தைக்குக்கூட இதைக் கதையாகச் சொல்லலாம். பள்ளியில் பென்சில் காணாமல் போனால் யாரையாவது சட்டென்று திருடன் என்று சொல்லலாமா என்று அதோடு சேர்த்துக் கேளுங்கள். குழந்தை அழகாகப் பதில் சொல்லும்!

நியாயம் பேசினவர் வீட்டிலேயே...

இரண்டாவது, காந்தியடிகளின் சத்திய சோதனை. 1893-ல் தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து அவரை இறக்கிவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். நான் உங்களைப் படிக்கச் சொல்வது 1898-ல் டர்பன் வீட்டில் நடந்த சம்பவத்தை. அங்கே வீட்டோடு தங்கியிருந்த குமாஸ்தாக்களின் மலஜலப் பாத்திரத்தைக் காந்தியும் கஸ்தூரிபாவும் எடுத்துச் சுத்தம் செய்வது வழக்கம். தாழ்த்தப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர் ஒருவர் புதிதாக வந்தார். அவருடைய பாத்திரத்தை எடுக்கக் கஸ்தூரிபாவுக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணீரோடு எடுத்துப் போனார். சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று கணவர் சத்தம் போட்டார். பேச்சு வளர்ந்தது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப்போய் வெளியே தள்ளுவதற்காகக் கதவையும் திறந்துவிட்டார். ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில், தாய் தகப்பன் இல்லாத இடத்தில் நான் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று அந்த அம்மாள் கேட்டதும்தான் அவருக்குச் சுரணை வந்தது.

இதையெல்லாம் மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார்! எங்கள் கூட்டத்தில் இதை வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க வாதம் நடந்தது. "தீண்டாமை பார்த்தது அவங்க தப்புதானே?" என்றாள் ஒருத்தி. "கொள்கை நல்லதா இருந்தா பெண்டாட்டியைத் தரதரன்னு இழுக்கலாமா?" என்றாள் இன்னொருத்தி. இரண்டும் சரிதான் என்றே எனக்குப் பட்டது. ஒரே வீட்டில், ஒரே நிமிஷத்தில், இரண்டு அநியாயங்கள் இருக்க முடியும். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளோடு கட்டாயம் பேச வேண்டிய பகுதி இது.

சனிக்கிழமை வந்த புத்தகங்கள்

மூன்றாவது, ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியின் டைரி. நாஜிகளுக்குப் பயந்து 1942 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் ஓர் அலுவலகக் கட்டிடத்தின் பின்பகுதியில் அவள் குடும்பம் ஒளிந்துகொண்டது. அப்போது அவளுக்கு 13 வயது. மொத்தம் எட்டுப் பேர். 1944 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிடிபட்டார்கள். 1945-ன் தொடக்கத்தில், 15 வயதில், பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்துபோனாள். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அவள் தகப்பனார் ஆட்டோ மட்டுமே. 1947-ல் டைரியைப் புத்தகமாக்கினார்.

இதில் நடுவில் நின்றவர் மீப் கீஸ் என்ற அலுவலக ஊழியர். அந்த இரண்டு வருஷமும் மீப்பும் அவருடைய சகாக்கள் சிலரும் காய்கறி, ரொட்டி எல்லாம் வாங்கி ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்டுபிடித்திருந்தால் ஜெயில்தான். சனிக்கிழமைகளில் மீப் நூலகத்திலிருந்து புத்தகமும் எடுத்துவருவாராம். வெளியே தலைகாட்ட முடியாத அந்தப் பெண் சனிக்கிழமைக்காக எப்படிக் காத்திருந்திருப்பாள்! அவர்கள் பிடிபட்ட பிறகு சிதறிக் கிடந்த டைரித் தாள்களைப் பொறுக்கி எடுத்து, படிக்காமல் மேஜை அறையில் வைத்துக் காப்பாற்றியதும் இதே மீப்தான். 2010-ல், தம் 100-வது வயதில் காலமானார். தாம் பெரிய வீராங்கனை ஒன்றுமில்லை என்றே சொல்லிவந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் குழந்தை இருந்தால் நீங்களும் அவளும் சேர்ந்து படியுங்கள்.

உள்ளேயிருந்து வந்த குரல்

நான்காவது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை' என்ற நாவல். இந்த அம்மையாரின் பெயரைக் கல்யாண உதவித் திட்டத்தில் கேட்டிருப்பீர்கள். 2022-ல் அந்தத் திட்டம் பெண்களின் உயர்கல்விக்கான புதுமைப்பெண் திட்டமாக மாறியது. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குள்ளேயே வளர்ந்து, அதன் கொடுமையை நேரில் கண்டு, வெளியே வந்து அதை எதிர்த்தவர் அவர். அதே காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் இதற்காகப் போராடினார். 'புனிதமான சம்பிரதாயம்' என்று சொல்லித் தடுத்தவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. கடைசியில் 1947-ல்தான் தடைச் சட்டம் முழுமையாக வந்தது. 'காலங்காலமாக நடக்கிறது' என்பதாலேயே ஒரு வழக்கம் நல்லதாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. பெரியவர்கள் படிக்க வேண்டியது.

வீட்டை விட்டு இறங்கிப் பார்த்தவர்

ஐந்தாவது, ராஜம் கிருஷ்ணனின் 'கூட்டுக் குஞ்சுகள்'. 1925-ல் முசிறியில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். நம்மைப் போலக் குடும்பம் நடத்திய பெண்மணிதான். ஆனால் எழுதுவதற்கு முன் அந்தந்த இடத்துக்கே போய், ஜனங்களோடு பேசிப் பழகிவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வாடிய குழந்தைகளைப் பற்றிக் 'கூட்டுக் குஞ்சுகள்' எழுதினார். 2009-ல் அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. 2014-ல் மறைந்தார்.

இந்தப் புத்தகம் எங்கள் தெருவில் செய்த வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். சிநேகிதி ஒருத்தியின் வீட்டில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து 12 வயதுப் பெண் ஒருத்தியை வரவழைக்க ஏற்பாடாகியிருந்தது. "சாப்பாடு, துணிமணி எல்லாம் கொடுக்கப் போறோம், அவளுக்கும் நல்லதுதானே" என்று மாமியார் சொன்னார். சிநேகிதி அப்போது பாதிப் புத்தகம் படித்திருந்தாள். இரண்டு நாள் பேசாமலிருந்தாள். மூன்றாம் நாள், "வேண்டாம் அத்தை. நம்ம பாப்பாவைப் பார்த்துக்க இன்னொருத்தர் பாப்பா எதுக்கு? அவ படிக்கட்டும், நோட்டுப் புத்தகச் செலவை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 முதல் சட்டப்படியே குற்றம். ஆனாலும் அவளைத் தடுத்தது சட்டமல்ல, அந்தப் புத்தகம்தான். அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.

சிரிப்பு நின்ற இடம்

ஆறாவது, பாமா எழுதிய 'கருக்கு'. 1992-ல் வந்தது. பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் போல இருக்குமே, அதுதான் கருக்கு. படிக்கிற நம்மையும் அது கீறத்தான் செய்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளிவிட்டு வரும்போது, அவர்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கைபட்டால் தீட்டு என்று மேல்சாதிக்காரர்கள் நினைப்பதால்தான் அப்படி என்று விளக்குகிறான். சிரிப்பு அங்கேயே நின்றுபோகிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பொட்டலத்தை வாங்கித் தின்ற வீட்டின் நினைவுதான் வந்தது. அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருந்திருக்குமே, அது இதைப் பார்த்து என்ன கற்றுக்கொண்டிருக்கும்? தனி டம்ளர் வைக்கும்போது நம் வீட்டுக் குழந்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, சகோதரிகளே!

எப்படி ஆரம்பிப்பது?

ஆறையும் ஒரே மாதத்தில் படிக்க வேண்டியதில்லை. ஒன்று கனமாக இருந்தால் அடுத்தது லேசாக இருக்கட்டும். நானே நடுவில் ஒரு நகைச்சுவைப் புத்தகம் படித்துக்கொள்வேன். படித்ததை ராத்திரி சாப்பாட்டு வேளையில் இரண்டு வாக்கியமாகச் சொல்லுங்கள். உபதேசம் வேண்டாம். "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வீட்டுக்காரருக்கும் அந்தக் கேள்வியைப் போடலாம்!

சின்னக் குழந்தைகளுக்குக் கொடுமைக் காட்சிகளை விவரிக்காதீர்கள். உதவி செய்தவர்களின் கதையைச் சொன்னாலே போதும். கேட்ட புத்தகம் உங்கள் கிளை நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் சொல்லிவையுங்கள், கூச்சமே வேண்டாம். 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. அந்த அலமாரிகள் நம் பணத்தில் நிற்பவை. உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் இந்த வாரமே போய் வாங்கிவிடுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட அழைத்துப் போங்கள்.