செயின் நழுவுதா? சைக்கிளை எடைக்குப் போடாதீங்க!

சென்னை,

சிக்னலில் பச்சை விளக்கு விழுகிறது. பின்னால் பஸ் டிரைவர் ஹாரனை அலற விடுகிறார். சைக்கிள்காரர் எழுந்து நின்று ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறார்.

'டக்!'

செயின் ஒரு பல் தாவுகிறது. கால் வழுக்குகிறது. ஆள் தடுமாறி நடுரோட்டில் சாய்கிறார். பஸ் பிரேக் போட்டால் பிழைத்தார். இல்லாவிட்டால்...?

பால் பாக்கெட், பேப்பர், டீ கேன் என்று சைக்கிளை நம்பிப் பிழைக்கிறவர்கள் சென்னையில் இன்றைக்கும் ஏராளம். ரெயில் நிலையம் வரை சைக்கிளில் வந்து, அங்கே நிறுத்திவிட்டு ரெயில் ஏறும் குமாஸ்தாக்களும் உண்டு. இவர்கள் செயின் நழுவுகிற வண்டியை கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் கிடைப்பது இரண்டே பதில்.

"முழு செட்டா மாத்தணும் சார்!"

"இந்த வண்டிக்கு இனிமே செலவு பண்ணாதீங்க. புதுசு எடுத்துடுங்க!"

இரண்டுக்கும் பல நேரம் அவசியமே இல்லை.

பழி ஓரிடம்

மிதிக்கட்டையோடு சுற்றும் பெரிய பல் சக்கரத்துக்குக் கடை பாஷையில் 'செயின் வீல்' என்று பெயர். பின் சக்கரத்தில் இருக்கும் சின்னது 'பிரீ வீல்'. செயின் நழுவினால் பழி பெரியவர் மேல் விழும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி சின்னவர்தான்!

கணக்குப் பாருங்கள். சாதாரண வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெரியது ஒரு சுற்று வருவதற்குள் சின்னது ஏறக்குறைய இரண்டரை சுற்று சுற்றியாக வேண்டும். அப்புறம் எது முதலில் தேயும்? பிரீ வீல் விலையும் குறைவு. ஆகவே முதலில் அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

செயினையும் சோதிக்கலாம். வீட்டில் பையனின் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து, 24 பின் தள்ளி அளக்க வேண்டும். புது செயின் என்றால் அச்சு அசலாக 12 அங்குலம். அரை நூல் (1/16 அங்குலம்) கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நூல் கூடிவிட்டதா? பல்லையும் அது தின்றிருக்கும். அந்தப் பல் மேல் புது செயினைப் போட்டால் முன்னைவிட மோசமாகத் தாவும்.

செயின் வீல் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்கவும் வழி உண்டு. பல்லின் முனை சுறா மீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாக இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஒரு பல் மட்டும் வளைந்திருந்தால் அது தேய்மானம் அல்ல. ஸ்பேனரில் பிடித்து நிமிர்த்திவிடலாம்.

இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. ஒவ்வொரு மிதிக்கும் 'டக் டக்' என்று சத்தம் வரும், ஆனால் செயின் தாவாது. கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்தால் இப்படித்தான் சத்தம் வரும். ஒரு டீ குடிக்கிற காசு சமாசாரம். இதற்குப் போய் செட்டையே மாற்றியவர்கள் உண்டு!

44-ஆ? 48-ஆ?

சரி, செயின் வீல்தான் போய்விட்டது. பழைய பாணி வண்டிகளில் அது வலது கிராங்கோடு சேர்ந்தே வரும். சில நூறு ரூபாயில் வேலை முடியும். புது சைக்கிளோ பல ஆயிரம்.

கம்பெனி பெயர் பார்த்து அலைய வேண்டாம். அட்லஸ் கம்பெனி தன் சாகிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ந் தேதி மூடியது. உலக சைக்கிள் தினத்தன்றே மூடினார்கள் என்பதுதான் வேடிக்கை! அந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அளவு சரியாக இருந்தால் லூதியானாவில் இருந்து வரும் பொது சாமானே பொருந்தும்.

அளவுதான் முக்கியம். கடைக்காரர் 44-க்குப் பதில் 48 பல் எடுத்துக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். ஒன்று இல்லை! 28 அங்குல சக்கரத்தில் 44 பல் இருந்தால் ஒரு மிதிக்கு சுமார் 18 அடி போகும். 48 என்றால் ஒன்றரை அடி கூட. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கேன் கட்டிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது முழங்காலைக் கேட்டால் தெரியும். செயினும் ஒரு அங்குலம் கூடுதலாக வேண்டும்.

கிராங்க் நீளமும் இடது பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று ஆறரை அங்குலம், இன்னொன்று ஏழு என்றால் நொண்டி மிதிதான். சுலபமான வழி, பழசைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், மேலே வைத்துப் பார்த்து வாங்குவது.

கியர் வண்டிக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் சோதனை. முன்னால் மூன்று தட்டு இருக்கும். அவை போல்ட்டில் பூட்டியிருந்தால் தேய்ந்த தட்டை மட்டும் மாற்றலாம். போல்ட் எண்ணிக்கையும், போல்ட்டுக்குப் போல்ட் உள்ள தூரமும் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க வேண்டும். விலை குறைந்த வண்டிகளில் ரிவெட் அடித்திருப்பார்கள். அங்கே கடைக்காரர் சொல்வது நிஜம், முழு செட்டுதான். கியர் தேவையே இல்லை என்கிறவர்கள் ஒற்றைத் தட்டு செட் போட்டுக்கொண்டால் செலவு குறையும். அச்சு சதுரமா, காட்டர் பின் போடுகிற உருண்டையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை பேசும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். சைக்கிளுக்கும் உதிரி சாமான்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது.

காசு கொடுக்கும் முன் செயினைக் கழற்றிவிட்டு செயின் வீலைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். பிரேம் கம்பிக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது. வேறு கேளுங்கள்.

ஒரு வாரம் ஓட்டியதும் அதே கடைக்குப் போய், காட்டர் பின்னை ஒரு தட்டு தட்டி நட்டை இறுக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரும்பாலும் யாரும் காசு கேட்கமாட்டார்கள்.