எழுத்தாணிப் பூண்டை இனங்காணல்

மாணவர்களே, ஒரு தாவரத்தை இனங்காண்க என்ற வினாவுக்கு “மஞ்சள் பூ, பல இதழ்கள்” என எழுதினால் புள்ளி கிடைக்காது. சூரியகாந்திக் குடும்பமாகிய அஸ்ரரேசியேயில் நாம் ஒரு பூ என்று கருதுவது, பல சிறுபூக்கள் நெருங்கி அமைந்த பூந்துணர் ஆகும். இதனை விளங்கிக்கொள்ள எழுத்தாணிப் பூண்டு சிறந்த உதாரணமாகும். இலங்கையின் மணற்கரைகளில் இயற்கையாக வளரும் இச்சுதேச பல்லாண்டுத் தாவரத்தின் விஞ்ஞானப் பெயர் லோனியா சார்மென்டோசா. தீவக மாணவர்கள் சாட்டி போன்ற மணற்கரைகளில் இதனைத் தேடிப் பார்க்கலாம்.

இனங்காணும் இயல்புகள்

1. மெல்லிய ஓடிகள் மணல்மீது படரும். கணுக்களில் வேரும் இலைக்கொத்தும் தோன்றிப் புதிய தாவரம் உண்டாகும். இது பதியமுறை இனப்பெருக்கமாகும்.
2. இலைகளின் ஓரம் ஆழமாகப் பிளவுபட்டிருக்கும்.
3. இலையைக் கிள்ளினால் வெண்ணிறப் பால் வடியும்.
4. பூந்துணரில் நாவுருவான மஞ்சள் சிறுபூக்கள் மட்டுமே உண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் 5 பற்கள் காணப்படும். 5 அல்லிகள் இணைந்தமைக்கு இது சான்றாகும்.
5. புல்லிவட்டம் வெண்மயிர்களாகத் திரிபடைந்துள்ளது. இது காற்றினால் பரம்பலுக்கு உதவும்.

ஒத்த தாவரங்களில் இருந்து வேறுபடுத்தல்

வெட்டுக்காயப் பூண்டு: இதுவும் இதே குடும்பம். ஆனால் நடுவில் குழாயுருச் சிறுபூக்களும் ஓரத்தில் நுனி 3 பற்களாகப் பிரிந்த சில சிறுபூக்களும் உண்டு. இலைகள் எதிரெதிராக அமையும்; பால் வடியாது. எங்கும் காணப்பட்டாலும் இது சுதேச தாவரம் அன்று. வெப்பவலய அமெரிக்காவிலிருந்து வந்தது.

அடம்பன்: இதுவும் மணலில் படரும், பாலும் வடியும். ஆனால் இலை ஆட்டின் குளம்பு போல இரு பிளவாகவும், பூ ஊதா நிறப் புனலாகவும் இருக்கும். இது வேறு குடும்பம்.

கவனிக்க: அவதானிப்புக்காகத் தாவரத்தைப் பிடுங்க வேண்டாம். கரை மணலைக் காற்று அள்ளிச் செல்லாமல் பிடித்து வைப்பவை இத்தகைய படரும் தாவரங்களே. ஓர் இலையைக் கிள்ளினாலே போதும். பால் கண்ணில் படக்கூடாது.

மாதிரி வினா

மணற்கரையில் படர்ந்திருந்த, பூக்காத தாவரம் ஒன்றைக் கிள்ளியபோது பால் வடிந்தது. அது எழுத்தாணிப் பூண்டே என மாணவன் ஒருவன் முடிவு செய்தான். இம்முடிவு சரியானதா? காரணம் தருக.

விடை: சான்று போதாது. படர்தலும் பால் வடிதலும் அடம்பனிலும் உண்டு. இலையின் வடிவத்தையும் கணுவில் இலைக்கொத்து உள்ளதா என்பதையும் அவதானிக்க வேண்டும். பூத்தபின் நாவுருச் சிறுபூக்கள் மட்டும் உள்ளனவா எனப் பார்த்து உறுதிப்படுத்தலாம்.