வயலினும் வண்ணமும் கணக்கில் ஏறவேண்டும்

அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். கணக்குக்கும் அறிவியலுக்கும் அட்டவணை போட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கச்சிதமாக நடத்தும் பெற்றோர்கூட ஓரிடத்தில் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அதுதான் நுண்கலை. மகள் எட்டு வருடமாக வயலின் வாசிக்கிறாள், மகன் நாள் தவறாமல் வரைகிறான், அது போதாதா என்று இருந்துவிடுகிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தைத் திறக்கும் நாளில்தான், அந்த எட்டு வருட உழைப்புக்குத் தாளில் ஒரு வரிகூட இல்லை என்பது உறைக்கிறது.

நுண்கலைக்குக் கிரெடிட், அதாவது பாடத்தை முடித்ததற்கான மதிப்பலகு, கேட்பது யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். டெக்சஸ் அரசுப் பள்ளி மாணவர் உயர்நிலைப் பள்ளிப் பட்டம் பெற நுண்கலையில் ஒரு கிரெடிட் வேண்டும். ஆனால் 1994-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் தந்த தீர்ப்பின்படி, முறையாகப் பாடம் நடக்கும் வீடும் தனியார் பள்ளிதான். அரசுப் பள்ளியின் விதி அந்த வீட்டைக் கட்டுப்படுத்தாது. பென்சில்வேனியாவில் நிலைமை வேறு. அங்கே வீட்டில் படித்துப் பட்டம் பெறவேண்டுமானால், கலையும் மானுடப் பண்பியல் (humanities) பாடங்களும் சேர்ந்த பிரிவில் இரண்டு ஆண்டுப் படிப்பு வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நியூயார்க் இன்னும் கறார். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஓவியம் அல்லது இசையில் ஒரு யூனிட் முடிக்கவேண்டும். ஒரு யூனிட் என்றால் 6,480 நிமிடம். மலைக்க வேண்டாம், 36 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 180 நிமிடம், அதாவது முக்கால் மணி வகுப்பு நான்கு. ஆண்டுத் திட்டத்தைப் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். ஒரு பாடத்தில் அந்தக் காலாண்டுக்குத் திட்டமிட்டதில் 80 சதவீதத்துக்கும் குறைவாக நடந்திருந்தால், ஏன் என்று எழுத்தில் விளக்கவேண்டும்.

திட்டத்தில் குறை இருப்பதாகக் கடிதம் வந்தால் பதற வேண்டியதில்லை. கடிதம் கிடைத்த 15 நாளுக்குள், அல்லது செப்டம்பர் 15-க்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் திருத்திக் கொடுக்கலாம். அப்படியும் ஏற்கவில்லை என்றால் பள்ளி வாரியத்திடம் முறையிடலாம். வாரியமும் கைவிரித்தால் 30 நாளுக்குள் மாநிலக் கல்வி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமைகள் விதியிலேயே இருக்கின்றன; கேட்காதவருக்குத்தான் கிடைப்பதில்லை.

அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூயார்க் விதி சொல்வது ஓவியத்தையும் இசையையும்தான். நடனம் என்ற சொல் அந்த வரியில் இல்லை. பரதநாட்டியத்தை நம்பியிருப்பவர்கள் அரங்கேற்றம் முடிந்தபின் கேட்பதைவிட, திட்டம் எழுதும்போதே கண்காணிப்பாளரின் ஒப்புதலைக் கடிதமாக வாங்கிவிடுவது நல்லது.

கலிஃபோர்னியாவில் சிக்கல் கல்லூரி வாசலில் வருகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர, காட்சிக்கலை அல்லது நிகழ்த்துகலையில் ஓராண்டுப் பாடம் கட்டாயம். நடனமும் அதில் அடக்கம். ஆனால் பாடம் பல்கலைக்கழகம் ஏற்ற பட்டியலில் இருக்கவேண்டும். அம்மா தானே வகுத்து நடத்திய பாடம் அந்தப் பட்டியலில் தானாக ஏறாது. இதற்கு மாற்று வழிகள் உண்டு. பல்கலைக்கழகம் ஏற்கும் கலைப் பாடம் ஒன்றைச் சமுதாயக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் படித்துத் தேறினால், அது உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டுக்குச் சமம். பள்ளி மாணவர் எழுதும் கல்லூரி மட்டத் தேர்வுகளான ஏபி (Advanced Placement) வரிசையில், கலை வரலாறு அல்லது இசைக் கோட்பாடு தேர்வில் 5-க்கு 3 எடுத்தாலும் போதும்.

ஏபி கலை வரலாற்றில் படிக்கவேண்டிய படைப்புகள் 250. அவற்றில் ஒன்று நம் ஊர்ச் சோழர் காலத்து நடராசர் வெண்கலச் சிலை. தேர்வு மே மாதம்தான், ஆனால் பதிவு முந்தைய நவம்பரிலேயே முடிந்துவிடுகிறது. தேர்வெழுத இடம் தரும் பள்ளியையும் பெற்றோரே தேடிப் பிடிக்கவேண்டும் என்பதால், செப்டம்பரிலேயே விசாரிக்கத் தொடங்கினால்தான் கைகூடும்.

எந்த மாநிலமானாலும் காப்பாற்றுவது குறிப்பேடுதான். ‘இந்த வருடம் ஓவியம் கற்றாள்’ என்று எழுதினால் யாரும் மதிக்கமாட்டார்கள். ‘அக்டோபர் 3, 45 நிமிடம், கரித்துண்டால் நிழல் பயிற்சி, மேசைமேல் மூன்று முட்டை, சன்னல் வெளிச்சம் இடப்பக்கம்’ என்று எழுதினால் அது சான்று. முதல் மாதம் வரைந்த கோணலான முட்டையையும் தூக்கிப் போடக்கூடாது. அதையும் பத்தாம் மாத முட்டையையும் அருகருகே வைத்தாலே வளர்ச்சி தெரிந்துவிடும். இசை என்றால் பயின்ற உருப்படிகளின் பட்டியல், கச்சேரி அழைப்பிதழ், ஒலிப்பதிவு, ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவை வேண்டும். ஆசிரியர் ஊர் மாறிப்போனால் அந்தக் கையெழுத்துக்கு அலையவேண்டியிருக்கும் என்பதால், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் வாங்கி வைத்துவிடுவதே பாதுகாப்பு.

பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தால், சேர நினைக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு இந்த வாரமே மின்னஞ்சல் எழுதி, வீட்டில் படித்த மாணவரிடம் நுண்கலைக்கு என்ன சான்று கேட்பார்கள் என்று விசாரியுங்கள். வரும் பதிலை அச்செடுத்து அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.