கரீபியன் கடலில் குளிர்காலப் படகு வாழ்க்கை

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனி கொட்டும் மாதங்களில், பாய்மரப் படகிலேயே குடியிருந்தபடி கிழக்குக் கரீபியன் தீவுகளிடையே காலம் கழிக்கும் வழக்கம் குளிர்காலப் படகு வாழ்க்கை எனப்படுகிறது. சிலர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மட்டும் வாடகைப் படகு எடுத்து இரண்டு வாரம் தங்குவர். பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் சொந்தப் படகில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கேயே இருப்பர். படங்களில் பார்க்கும்போது இது முழு ஓய்வு போலத் தோன்றும். உண்மையில், தண்ணீரையும் மின்சாரத்தையும் தாமே தேடி, தாமே அளந்து செலவிட வேண்டிய ஒரு சிறு குடித்தனம் இது.

குளிர்காலம் ஏன்?

இத்தீவுகள் கடகரேகைக்குத் தெற்கே, ஏறத்தாழ 12 முதல் 18 பாகை வட அட்சத்தில் வில்போல் வளைந்து கிடக்கின்றன. ஜனவரியிலும் பகல் வெப்பநிலை 28 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். ஆனால் வெயிலைவிடப் பெரிய காரணம் வேறு. அட்லாண்டிக் பெருங்கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அது முடிந்ததும் வறண்ட பருவம் தொடங்குகிறது. வடகிழக்கு வியாபாரக் காற்று ஏறக்குறைய நாள்தோறும் வீசுகிறது. காற்று கிழக்கிலிருந்து வருவதால் தீவுகளின் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் அலை மோதும். மேற்குக் கரையோ மலை மறைவில் அமைதியாக இருக்கும். படகுகள் தங்கும் விரிகுடாக்கள் பெரும்பாலும் மேற்கில் இருப்பதற்கு இதுவே காரணம். வரைபடத்தை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கும் மாணவருக்குப் பாடப்புத்தகத்தில் படித்த வியாபாரக் காற்று பிறகு மறக்காது.

ஐரோப்பியப் படகுகளை அட்லாண்டிக்கின் குறுக்கே கொண்டு வருவதும் இக்காற்றே. 1986இல் ஜிம்மி கார்னெல் தொடங்கிய படகு அணிவகுப்பு ஆண்டுதோறும் நவம்பரில் கனரித் தீவுகளின் லாஸ் பல்மாசிலிருந்து புறப்படுகிறது. செயின்ட் லூசியா வரை ஏறத்தாழ 2,700 கடல் மைல் தூரம். பெரும்பாலான படகுகளுக்கு இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும்.

நங்கூரக் கணக்கு

வந்து சேர்ந்த படகு துறைமுகக் கட்டணத்தை மிச்சப்படுத்த விரிகுடாவில் நங்கூரமிடும். சுங்க, குடியேற்ற அனுமதி கிடைக்கும்வரை மஞ்சள் கொடி பறக்க வேண்டும்.

நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. சங்கிலி தரையோடு படிந்து கிடந்து, நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் அது மணலில் புதையும். அதனால் ஆழத்தோடு படகின் முன்முனை உயரத்தையும் கூட்டி, அதைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு சங்கிலி விடுவர். ஆழம் 5 மீட்டர், முன்முனை உயரம் 1 மீட்டர் என்றால் 30 மீட்டர் சங்கிலி வேண்டும். டிசம்பர் இறுதியில் காற்று வலுத்து 25 நாட், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர், வேகத்தைத் தாண்டுவதுண்டு. இதைக் 'கிறிஸ்துமஸ் காற்று' என்றே அழைப்பர். அந்த இரவுகளில் சங்கிலியில் சிக்கனம் காட்டியவர் தூங்க முடியாது. நங்கூரம் பெயர்ந்தால் அவர் படகு மட்டுமல்ல, பின்னால் நிற்கும் படகும் பாறையில் ஏறும். சங்கிலியை எங்கே இறக்குவது என்பதிலும் பொறுப்பு உண்டு. டொபாகோ கேய்ஸ் கடற்பூங்காவில் பச்சைக் கடலாமைகள் மேயும் கடற்புல்லை நங்கூரம் உழுதுவிடும். வெறும் மணல் தெரியும் இடத்தில்தான் இறக்க வேண்டும்.

தண்ணீர்

படகு வாழ்க்கையின் உண்மையான பாடம் இதுதான். 12 மீட்டர் நீளப் படகொன்றின் தொட்டி 400 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். இந்திய நகரங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அந்தக் கணக்கில் இருவருக்கு இத்தொட்டி ஒன்றரை நாள்கூட வராது. ஆளுக்கு 10 லிட்டர் என்று பழகிக்கொண்டால் 20 நாள் வரும்.

எனவே பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, ஒரு குவளை நன்னீரில் அலசுவர். குளியலும் கடலில்தான், கடைசியில் மட்டும் இரண்டு செம்பு நன்னீர். துணி துவைப்பதில் இந்த உபாயம் செல்லாது. உப்புநீரில் துவைத்த துணி முழுதாகக் காய்வதே இல்லை; துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கித்தானை விரித்துக் கட்டி மழைநீர் பிடிக்கலாம், ஆனால் வந்திருப்பதோ மழையற்ற பருவத்தில். சில படகுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் கருவி உண்டு. அது மின்சாரத்தை விழுங்கும். சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தில் குளிர்ப்பெட்டிக்கே பெரும்பங்கு போய்விடும்.

இந்தத் தட்டுப்பாடு விருந்தாளிகளுக்கு மட்டும் உரியதன்று. செயின்ட் வின்சென்டுக்குத் தெற்கே உள்ள பெக்குவே, 18 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. அங்கே ஆறு கிடையாது. வீடுகள் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேமித்தே காலம் தள்ளுகின்றன. அந்தத் தொட்டிகள் வற்றிக்கொண்டு போகும் மாதங்களில்தான் படகுகள் நிறைகின்றன. படகுக்காரர்கள் ரொட்டிக்கும் மீனுக்கும் தரும் பணம் தீவுக்குத் தேவை. கரையில் அவர்கள் வீணாக்கும் நீர் அப்படியல்ல.

ஒன்பது விடியல்கள்

செயின்ட் வின்சென்ட், கிரெனடின்ஸ் தீவுகளில் கிறிஸ்துமசுக்கு முந்திய ஒன்பது நாள்களும், டிசம்பர் 16 முதல், மக்கள் இருட்டிலேயே எழுந்து தெருவில் கூடிப் பாடி ஆடுவர், கடலில் குளிப்பர். மார்கழியும் அதே நாளையொட்டிப் பிறப்பது தற்செயல்தான். ஆனால் அங்கு ஒரு தென்னிந்தியத் தொடர்பு உண்டு: 1861 ஜூன் 1 அன்று செயின்ட் வின்சென்டுக்கு முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்த 'திருவாங்கூர்' என்ற கப்பல் மதராசிலிருந்து சென்றது.

பருவம் முடிந்தபின்

மே மாதத்துக்குள் படகுகள் வடக்கே திரும்பும், அல்லது தெற்கே கிரெனடா, டிரினிடாட் பக்கம் ஒதுங்கும். கிரெனடா சூறாவளிப் பாதைக்கு வெளியே இருப்பதாக நம்பியவர்களுக்கு 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி பதில் சொன்னது. 2024 ஜூலை 1 அன்று, பருவம் தொடங்கி ஒரு மாதமே ஆன நிலையில், பெரில் சூறாவளி கிரெனடாவின் கரியாக்கு தீவில் நான்காம் வகைச் சீற்றத்தோடு கரையேறியது. அங்கு அலையாத்திக் காட்டுக்குள் கட்டி வைத்த படகுகளும் தப்பவில்லை. அண்டையிலுள்ள யூனியன் தீவில் 90 விழுக்காடு வீடுகள் அழிந்தன அல்லது கடுமையாகச் சேதமடைந்தன என்று செயின்ட் வின்சென்ட் பிரதமர் அறிவித்தார். கூரை போன வீட்டில் மழைநீரைப் பிடிக்க வழியில்லை. அத்தீவுக்குக் குடிநீரும் கப்பலில் வரவேண்டியதாயிற்று.