பள்ளியின் தூரமும் பெண்ணின் படிப்பும்

பெண்மக்கள் படிப்பை நிறுத்தப் பெற்றோரின் அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. வழித்தொலைவே பெருந்தடை என்று நாம் கருதுகிறோம். பீஹார் ராஜ்யத்தின் அனுபவமும் இதையே காட்டுகிறது.

அங்கே பல கிராமங்களுக்கு உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருந்தது. நடந்து திரும்புவதற்குள் பொழுது சாயும். வழித்தொல்லையை எண்ணித் தாய்மார் அஞ்சுவர். வீட்டு வேலைக்கும் கை குறையும். 2006-இல் ராஜ்ய சர்க்கார், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் அளிக்கத் தொடங்கிற்று. பணம் வேறு செலவில் கரைந்துவிடும் என்று ஐயுற்றோர் உண்டு. ஏறக்குறைய எல்லோரும் சைக்கிளே வாங்கினர்!

அண்டையிலுள்ள ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆராய்ச்சி, உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் தொகை நூற்றுக்கு 32 வீதம் உயர்ந்ததாகக் கணித்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஊர்களிலேயே பலன் மிகுதி. மாணவிகள் கூட்டமாகச் சென்றதால் வழியச்சமும் தணிந்தது.

தேர்வில் தேறியோர் தொகையும் கூடியது. ஆனால் அந்த அளவுக்கு அன்று. சைக்கிள் பள்ளி வாசல்வரைதானே கொண்டு சேர்க்கும்? உள்ளே நல்லாசிரியர் வேண்டும். மாலையில் வீடு திரும்பியபின் புத்தகத்தைத் திறக்க ஒரு மணி நேரமாவது வேண்டும்.